நம்புவதும் போதும் என்பதும்: டெல்டா விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தரங்கம்பாடி, பொறையார், மயிலாடுதுறை சுற்றுவட்டாரத்தில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதபாடம் நடத்துகிறேன். ஜெபம் முடிந்து டீ வரும் நேரத்தில்தான் ஆட்கள் மனம்விட்டுக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள் எங்கள் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. கத்தோலிக்கக் குடும்பத்தார் தங்கள் விவிலியத்தில் அதே இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறோம். மேய்ப்பர் நமக்கு என்ன செய்கிறார்?

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்களே, அவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எந்தக் கொல்லையில் மேய்ச்சல் இருக்கிறது, எந்த வாய்க்காலில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, யார் வயலில் போன வாரம் மருந்து அடித்தார்கள், எந்த மிராசுதாரர் கிடைக்கு ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் கீதாரிக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் வலையைச் சுற்றிக் கட்டிக் கிடை போடுவார். பிறந்து ஓரிரு நாளான குட்டிகளைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைப்பார். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடமாட்டார்; வயல் முழுக்க எரு விழவேண்டும். அப்புறம் அந்த வரப்பு ஓரத்திலேயே படுத்துக்கொள்வார். நாய் குரைத்தால் டார்ச்சை அடித்துக்கொண்டு எழுந்து ஒரு சுற்று வருவார். பனி, கொசு எல்லாம் அவருக்கும் உண்டு.

சங்கீதம் 23-இல் தாவீது சொல்வதும் இதைத்தான். புல்லுள்ள இடமும் வருகிறது, மரண இருளின் பள்ளத்தாக்கும் வருகிறது. பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போகும் வேறு வழி காட்டப்படுவதில்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பதுதான் அங்கே கிடைக்கிற ஆறுதல்.

"கடைசியில் கீதாரி ஆட்டை விற்றுவிடுவாரே, ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் கீதாரியும் இயேசுவும் பிரிந்துவிடுகிறார்கள். "நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான்" என்றார் இயேசு. கொடுத்தும் விட்டார். நமக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார் என்பதோடு நம் விசுவாசம் நிற்பதில்லை. அந்த வழிகாட்டி நமக்காக என்ன விலை கொடுத்தார் என்பதில்தான் அது வேர் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்றால் பயிர்க் காப்பீடு எதற்கு? வானிலை அறிக்கை எதற்கு?

இரண்டும் வேண்டும். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள். நெகேமியா ஜெபமும் பண்ணினார், இராப்பகல் காவலும் வைத்தார். காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்குள் பணம் கட்டுங்கள், பயிர் விவரம் காட்டும் அடங்கலை வாங்கி வையுங்கள். அப்புறம் ஜெபித்துவிட்டுத் தூங்குங்கள்.

ஆறு வறண்டு போகிறது. தண்ணீர் வந்த வருஷம் கதிர் சாய்கிற நேரத்தில் மழை கொட்டுகிறது. அக்கறையுள்ள கடவுள் என்றால் இதை ஏன் விட்டுவைக்கிறார்?

டெல்டாவில் இந்தக் கேள்வி கேட்காத வீடு கிடையாது. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. குறுவை போனது, சம்பாவும் ஆட்டம் கண்டது. நடுவில் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் முப்பது நாற்பது வருஷத்துத் தென்னைகள் ஒரே இரவில் விழுந்தன. நெல் போனால் அடுத்த போகம் பார்க்கலாம். தென்னை போனால் மகன் தலையெடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26, சுனாமி. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் கரையோரக் குப்பங்களில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பண்டிகைக்காக வேளாங்கண்ணி மாதாவிடம் வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் போனார்கள். கும்பிட வந்த இடத்தில் சாவா என்று அப்போது கேட்டவர்கள் பலர். இன்னும் கேட்கிறார்கள்.

இதற்குக் காரணம் சொல்லும் பதில் என்னிடம் கிடையாது. "அது தேவசித்தம்" என்று துக்க வீட்டில் சட்டென்று சொல்லிவிடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: சொல்லாதீர்கள். "பாவத்தின் தண்டனை" என்பதை வாயிலேயே எடுக்காதீர்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொல்லிவிட்டார் (லூக்கா 13). அதற்கு மேல் நமக்கு என்ன தீர்ப்பு வேண்டிக்கிடக்கிறது?

என்னால் சொல்ல முடிந்தது இதுதான். வேதம் நம் கேள்வியை அடக்குவதில்லை. சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகம் முழுக்கக் கடவுளோடு வழக்காடிவிட்டுக் கடைசியில்தான் இப்படி வருகிறார்: "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." வயல், கிடை, தொழுவம். நம் ஊரில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கிறது. விளையவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். சொன்ன பிறகும் ஆண்டவரை விட்டு எழுந்து போகவில்லை. விசுவாசம் என்று நான் நம்புவது அந்த இருப்பைத்தான்.

அவர் எந்தப் பக்கம் நடத்துகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாக்குத்தத்தச் சீட்டு எடுத்துப் பார்க்கலாமா?

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கி பீரோ கண்ணாடியில் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். வருஷம் முழுக்க அந்த ஒரு வசனம் கண்ணில் படும். பெண்ணை எந்த வரனுக்குக் கொடுப்பது, நிலத்தை விற்கலாமா என்பதற்குச் சீட்டு எடுப்பதும், கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் வேண்டாம். வசனத்தின் முன்பின் தெரியாமல் அதிலிருந்து பதில் பிடுங்கினால் நம் ஆசைதான் பதிலாக வந்து நிற்கும்.

"உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்" என்கிறது சங்கீதம் 119. காலுக்குத் தீபம் என்றால் அடுத்த அடிக்கு வெளிச்சம். அடுத்த பத்து வருஷத்துக்கு வெளிச்சம் போட்டுக் காட்டுவதாக அவர் சொல்லவில்லை. ஆகவே தினமும் வாசியுங்கள், ஜெபியுங்கள், விஷயம் தெரிந்த இரண்டு பெரியவர்களிடம் கேளுங்கள், வீட்டில் மனைவியிடம் கேளுங்கள். பிறகு புத்திக்கு எட்டியவரை நேர்மையான முடிவை எடுங்கள். அது தப்பிப்போனாலும் மேய்ப்பர் உங்களைத் தொலைத்துவிட மாட்டார்.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். வயது 23. அவரை வரவேற்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் தளபதியின் பகைக்கு ஆளாகிச் சில மாதங்கள் சிறையிலும் கிடந்தார். அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. இன்றும் ராஜ வீதியில் அதில் ஆராதனை நடக்கிறது. 1719 பிப்ரவரியில், 36 வயதில், அவர் போய்விட்டார். பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் பெயர்த்திருந்தார். மீதியை வேறு ஒருவர் முடிக்க வேண்டியிருந்தது. ஆதியாகமம் முதல் ரூத் வரை உட்கார்ந்து எழுதிய அந்த மனிதருக்குத் தன் வேலை எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்திருக்க வழியே இல்லை. தனக்குத் தெரிந்த அடுத்த பக்கத்தை எழுதினார்.

போதுமென்ற மனம் எப்படி வரும்? எனக்கு வரவே மாட்டேன் என்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். பவுலுக்கே அது பிறவியில் வந்ததில்லை. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். எழுதிய இடம் சிறை. சாப்பிட்டும் பார்த்திருக்கிறார், பட்டினியும் கிடந்திருக்கிறார், இரண்டிலும் பழகியிருக்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் நாம் ஆட்டோ கண்ணாடியிலும் பிள்ளைகளின் பரீட்சை அட்டையிலும் ஒட்டிவைக்கிற "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கும் பெலனைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. இல்லாத நாளையும் இருக்கிற நாளையும் ஒரே மனதோடு தாண்டும் பெலனைச் சொல்கிறார்.

அதே கடிதத்தில், பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு நன்றியும் சொல்கிறார். போதுமென்ற மனம் உள்ளவன் யாரிடமும் கை நீட்டமாட்டான் என்று நம்மில் ஒரு வீம்பு உண்டு. பவுலுக்கு அது இருக்கவில்லை. யாராவது அரிசி கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர் போய் மாடி கட்டிவிட்டான். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற எங்கள் வீடு ஒழுகுகிறது. வயிறு எரிகிறது.

சங்கீதம் 73 வாசியுங்கள். ஆசாப்புக்கும் எரிந்தது, எழுதியே வைத்துவிட்டார். "நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்; என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்" என்று வந்து சேர அவருக்கு இருபத்துச் சொச்சம் வசனம் பிடிக்கிறது. நமக்கு இன்னும் நாள் ஆகலாம். கூரையை மாற்றப் பணம் சேர்ப்பதில் தப்பே இல்லை. பையன் வெளிநாடு போக விரும்பினால் அனுப்புங்கள், ஏஜெண்டின் பதிவை மட்டும் சரிபாருங்கள். அடுத்தவன் மாடியைப் பார்த்து நம் வீட்டுச் சாப்பாட்டின் ருசி போகிறதே, அதைத்தான் ஆண்டவரிடம் சொல்லவேண்டும்.

கூலி போதவில்லை என்று கேட்டால், "கிறிஸ்தவன் இருக்கிறதில் திருப்தியாக இரு" என்கிறார்கள். அது சரியா?

சரியில்லை. கொடுக்கவேண்டியவன் வாங்கவேண்டியவனுக்குப் போதிக்கும் திருப்தி, வேதத்தில் இல்லாத திருப்தி. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவியில் விழுகிறது என்கிறார். அதே அதிகாரத்தில்தான் மழைக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனின் பொறுமையையும் சொல்கிறார். மழைக்குக் காத்திருக்கச் சொன்னவர், அறுத்த கூலியைக் கொடுக்காமல் காக்கவைப்பதை மன்னிக்கவில்லை.

இந்த மண்ணில் இதை லேசாகப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், அடைக்கலம் புகுந்த குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஜெபத்திலும் அவர்களை நினைக்கவேண்டும் என்பது என் ஆசை. போதுமென்ற மனம் என்பது என் பேராசைக்கு நான் போட்டுக்கொள்ளும் கடிவாளம். அடுத்தவர் வயிற்றில் அதைக் கட்ட எனக்கு உரிமை இல்லை.

காணிக்கை அதிகமாகக் கொடுத்தால் கடன் தீரும் என்று டிவியில் சொல்கிறார்களே?

தீராது. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கடனைக் கட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுங்கள். ஏழை விதவை போட்ட இரண்டு காசை இயேசு மெச்சினார். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைத் திட்டினார் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகிறோம். இது நம்பிக்கையா, பேரமா?

நான் சீர்திருத்த சபைக்காரன். ஆனாலும் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது. அதில் இந்துக்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர்! அன்னாள் பிள்ளை வரம் கேட்டுப் பொருத்தனை பண்ணினாள், கர்த்தர் அவளைத் தள்ளவில்லை. உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: கேட்டது கிடைக்காவிட்டாலும் அடுத்த வருஷம் நடப்பீர்களா? "ஆமாம்" என்றால் பேரம் எங்கே இருக்கிறது?

ராத்திரி தூக்கமே இல்லை. எதற்கும் மனம் வரவில்லை. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இது விசுவாசக் குறைவா?

இல்லை. எலியாவைவிடப் பெரிய தீர்க்கதரிசி யார்? அவரே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு: பூச்சிமருந்து டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். உபவாச ஜெபம் இருக்கட்டும், ஆளைத் தனியே விடாதீர்கள்.

எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் முன்னால் விசுவாசத்தோடு எப்படி நடந்துகொள்வது?

மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், அவர் கத்தோலிக்கர். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் கையிலிருந்ததை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று பந்தியில் கேட்கவில்லை. சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். தனக்கு இது போதும் என்று நினைக்கத் தெரிந்தவர் கையில்தான் அடுத்தவருக்குக் கொடுக்க ஏதாவது மிஞ்சும்.

தினமும் என்ன செய்தால் இந்த மனம் கொஞ்சமாவது பழகும்?

விளக்கு வைத்ததும் பத்து நிமிஷம் குடும்ப ஜெபம். டிவியை அணைத்துவிட வேண்டும். ஒரு சங்கீதம் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கட்டும். அன்றைக்கு நடந்த ஒரு நல்லதை ஒவ்வொருவரும் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொதுவாக முடித்துவிடாமல், "இன்றைக்கு மோட்டார் ஓடியது, ஸ்தோத்திரம்" என்று சொல்லுங்கள். கவலையையும் அப்படியே பேர் சொல்லி வையுங்கள்: சொசைட்டிக் கடன், பெரியவளின் வரன், அம்மாவின் சர்க்கரை. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்றாரே இயேசு, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்.

மனதில் விசுவாசமே இல்லாதபோது ஜெபிக்கலாமா? அது வேஷம் ஆகாதா?

ஆகாது. வலிப்பு வந்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான் (மாற்கு 9). பாதிக்குப் பாதிதான் அவனிடம் இருந்தது. அதை மறைக்காமல் சொன்னான். முதலில் முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனை அங்கேயே குணமாக்கி, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வார்த்தை வராவிட்டால் அந்தத் தகப்பன் சொன்ன ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஜெபக்கூட்டத்துக்கு வந்து சும்மா உட்காருங்கள். நாங்கள் ஜெபிக்கிறோம்.